கைகாட்டியைக் கணிப்பொறிக்குள் நிறுத்திய மேதை

பத்தாம் வகுப்பு மாணவி, கரையான்சாவடி

உலகில் பிறந்தோர் பலர். பிறர் வாழ்வில் பயனாய் நிலைத்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு நாட்டுக் கணித மேதை. அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்க எங்களைத் தூண்டியது வெறும் ஐம்பது ரூபாய் என்றால் நம்புவீர்களா?

சென்ற ஆண்டு விழா நாடகத்திற்காக எங்கள் வகுப்பில் பணம் திரட்டினோம். ஒரு தோழி பணப்பெட்டியைக் காத்து வந்தாள். ஒரு நாள் காலை, கணக்கு நோட்டில் மீதி 640 ரூபாய் என்று இருப்பதை இருவர் பார்த்துக்கொண்டு பெட்டியிலிருந்து பணம் பெற்றுச் சென்றனர். ஒருத்தி 50 ரூபாய்க்கு வண்ணத்தாள் வாங்கி, மீதி 590 என எழுதினாள். மற்றவள் 80 ரூபாய்க்குச் சரிகை வாங்கி மாலையில் திரும்பினாள். அவள் மனத்தில் இருந்தது காலையில் பார்த்த 640. ஆகவே 590 என்பதைப் பிழை என்று எண்ணி அடித்துவிட்டு, 560 என்று எழுதினாள். பெட்டியைத் திறந்து எண்ணினால் இருந்ததோ 510! பெட்டியைக் காத்தவள்மேல் பழி விழுந்தது. நாங்கள் யாரும் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வண்ணத்தாள் கடைச் சீட்டு கிடைத்த பிறகே உண்மை விளங்கிற்று. திருடியவர் எவரும் இல்லை. கழித்தலில் தவறியவரும் இல்லை. ஒருத்தி கணக்கை முடிக்குமுன் மற்றொருத்தியும் அதே கணக்கைத் தொடங்கியதே குற்றம்.

இத்தகைய குற்றம் கணிப்பொறிக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் நேரக்கூடும் என்று உணர்ந்து, அதைத் தடுக்க வழி கண்டவரே டைக்ஸ்ட்ரா.

இளமையும் கல்வியும்

டைக்ஸ்ட்ரா 1930ஆம் ஆண்டு மே திங்கள் 11ஆம் நாள் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை வேதியியல் ஆசிரியர். தாய் கணிதம் கற்றவர். பள்ளியில் சிறந்து விளங்கிய டைக்ஸ்ட்ரா, சட்டம் பயின்று ஐக்கிய நாடுகள் சபையில் தம் நாட்டின் சார்பில் பணிபுரிய வேண்டும் என்று முதலில் விரும்பினார். பின்னர் மனம் மாறி, லைடன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்றார்.

1951இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பயிற்சி ஒன்று நடைபெற்றது. அதில் சேர்ந்த டைக்ஸ்ட்ராவின் வாழ்க்கைப் பாதையே திரும்பியது. மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். 1957இல் அவருக்குத் திருமணம் நடந்தபோது, பதிவேட்டில் தம் தொழில் நிரலாளர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று அதிகாரிகள் ஏற்க மறுத்துவிட்டனர்! இயற்பியலாளர் என்று எழுதியே பதிவை முடிக்க வேண்டியதாயிற்று.

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மிகக் குறுகிய வழி எது என்று கண்டறியும் முறையை 1956இல் அவர் கண்டுபிடித்தார். மணம் பேசிய பெண்ணுடன் ஒரு சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்திருந்த இருபது நிமிடங்களில், தாளும் பேனாவும் இன்றி, மனத்திலேயே அதை முடித்துவிட்டாராம்.

கைகாட்டி பிறந்த கதை

அக்காலத்துக் கணிப்பொறி ஒரு வேலையை முடித்த பிறகே அடுத்ததைத் தொடங்கும். பிறகு, நடுவே இடைமறித்து வேறு வேலைக்குத் திருப்பும் வசதி வந்தது. அனைவரும் மகிழ்ந்தனர், டைக்ஸ்ட்ராவோ அஞ்சினார். எந்த நொடியில் இடைமறிப்பு வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆயிரம் முறை சரியாக ஓடிய நிரல் ஆயிரத்தோராம் முறை தவறலாம். மீண்டும் ஓட்டிப் பார்த்தால் தவறு மறைந்திருக்கும். எங்கள் தோழி தன் மேல் குற்றமில்லை என்று மெய்ப்பிக்க இயலாமல் தவித்ததும் இப்படித்தான் அன்றோ!

ஓட்டிப் பார்த்து நிறைவடைவது போதாது, தவறாது என்று முன்கூட்டியே கணித முறையில் நிறுவ வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரே பொருளைப் பலர் நாடும்போது ஒரு நேரத்தில் ஒருவரே அதைத் தொட வேண்டும். இதற்குப் பரஸ்பர விலக்கு என்று பெயர். இருவருக்கான வழியை டெக்கர் என்னும் டச்சுக் கணித அறிஞர் கண்டிருந்தார். எத்தனை பேர் இருந்தாலும் பொருந்தும் தீர்வை 1965இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்டார்.

இதை எளிதாக்க அவர் நாடியது இருப்புப்பாதையை! 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் நம் ஆவடி வழியேதான் சென்றது. இன்று அங்கே வண்ண விளக்குகள் வழிகாட்டுகின்றன. நம் பாட்டன்மார் காலத்தில் பாதையோரம் கைகாட்டி மரங்கள் நின்றன. கை நீண்டிருந்தால் வண்டி நிற்கும். கை தாழ்ந்தால் செல்லும். ஆங்கிலத்தில் அதன் பெயர் செமஃபோர். அப்பெயரையே டைக்ஸ்ட்ரா தம் கண்டுபிடிப்புக்குச் சூட்டினார்.

கணிப்பொறியின் கைகாட்டி ஓர் எண். நூலகத்தில் ஒரு நூலின் ஐந்து படிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் எடுத்தால் எண் நான்காகும். எண் பூச்சியமானால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஒருவர் திருப்பித் தந்ததும் காத்திருப்பவருக்கு வழி கிடைக்கும். ஐண்டோவன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, சிறு குழுவினருடன் இம்முறையில் ஓர் இயக்க அமைப்பையே உருவாக்கி, 1968இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது 1972இல் அவரைத் தேடி வந்தது.

பேனா பிடித்த கணிப்பொறி மேதை

1984இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 1999 வரை அங்கே பணியாற்றினார். கணிப்பொறி உலகின் மேதையான அவர், தம் கட்டுரைகளை மைப்பேனாவால் அழகாக எழுதினார். 1,300க்கும் மேற்பட்ட அக்கட்டுரைகளுக்கு வரிசை எண் இட்டு, நகல் எடுத்து நண்பர்களுக்கு அஞ்சலில் அனுப்புவார். வீட்டில் தொலைக்காட்சி வைத்துக்கொள்ளவில்லை, பியானோ வாசிப்பார். 2002இல் நாடு திரும்பி, அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் தம் 72ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்தார்.

கைகாட்டிக்குப் பின் டோக்கன்

அவர் மறைந்த பின் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. உலகெங்கும் பயன்படும் லினக்ஸ் இயக்க அமைப்பில், கோப்புகளைக் காக்கும் பகுதியில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைகாட்டி காவல் நின்றது. ஆனால் அங்கே எப்போதும் ஒருவருக்கே அனுமதி. ஐந்து படிகள் என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலும், ஒருவர் உயர்த்திய கையை மற்றொருவர் தாழ்த்திவிடக் கைகாட்டி இடம் தரும்.

ஒற்றை இருப்புப்பாதையில் முன்பு என்ன செய்தார்கள்? நிலைய அதிபர், வளையத்தில் மாட்டிய பையில் இரும்புப் பந்து ஒன்றை வைத்து ஓட்டுநரிடம் கொடுப்பார். அதுவே டோக்கன். டோக்கன் பெற்றவரே பாதையில் செல்லலாம். அடுத்த நிலையத்தில் அவரே அதை ஒப்படைக்க வேண்டும். அத்தகைய டோக்கன்தான் மியூடெக்ஸ் என்னும் பூட்டு. பூட்டியவரே திறக்க வேண்டும். யார் கையில் பூட்டு இருக்கிறது என்பதும் தெரியும்.

இங்கோ மோல்னார் என்பவர் வடித்த இப்பூட்டு, 2006ஆம் ஆண்டில் லினக்ஸ் கோப்புப் பகுதியில் கைகாட்டியின் இடத்தைப் பெற்றது. எட்டுச் செயலிகள் கொண்ட கணிப்பொறியில் கோப்புகளை உருவாக்கி அழிக்கும் ஒரு சோதனையில், வேகம் 2.4 மடங்கு உயர்ந்தது. 2016இல் இதுவும் மாறியது. படிப்போர் பலர் ஒருங்கே நுழையலாம், எழுதுவோர் ஒருவரே என்னும் புதுவகைக் காவல் வந்தது.

அப்படியானால் டைக்ஸ்ட்ரா தோற்றாரா? இல்லவே இல்லை! மியூடெக்ஸ் என்ற சொல்லே பரஸ்பர விலக்கு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். கருவி மாறியது, அவர் கற்பித்த நெறி மாறவில்லை.

முடிவுரை

இப்போது எங்கள் வகுப்பிலும் டோக்கன் உண்டு. கணக்கு நோட்டை எடுப்பவள் கையெழுத்திட்டு எடுக்கிறாள். செலவை எழுதி முடித்து அவளே திருப்பித் தருகிறாள். அதுவரை வேறு எவரும் பெட்டியைத் தொடுவதில்லை. அன்று வீண்பழி சுமந்த தோழியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவளும் சிரித்தபடி மன்னித்தாள். ஆனால் ஒரு கையெழுத்து முன்பே இருந்திருந்தால் அவள் அழுதே இருக்க மாட்டாளே! பிழை நேர்ந்த பின் ஆளைத் தேடுவதைவிட, பிழை நுழையாதபடி முன்பே ஒழுங்கு செய்வது மேல். இதையே டைக்ஸ்ட்ராவின் வாழ்விலிருந்து நாம் கற்று, கடைப்பிடிப்போமாக!