தரிசு நிலம் நாடிய ஆசிரியர் ஃபாபர்

விடுமுறை நாட்களில் நம் சிறுவர் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் வண்டு தேடித் திரிவரேல், வீண்பொழுது போக்குகின்றனர் என்று நாம் கடிந்துகொள்கிறோம். பிரான்சு தேசத்துச் சேன் லெயோன் என்னும் சிற்றூரில் 1823-ஆம் ஆண்டு பிறந்த ழான் ஆன்ரி ஃபாபரும் இளமையில் அங்ஙனம் கடியப்பட்டவரே. வாத்து மேய்க்கக் குளத்திற்கு அனுப்பப்பட்ட பிள்ளை, சட்டைப்பை நிறையக் கற்களைப் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்ப, வறுமையால் வாடிய பெற்றோர் அவற்றை எறியச் செய்தனர்.

உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்த அவர், இருபது வயது நிரம்புமுன்னரே கார்பந்திரா நகரில் ஆசிரியரானார். ஊதியம் ஆண்டுக்கு 700 பிராங்க். நில அளவை கற்பிக்க மாணவரை வெளியிலே அழைத்துச் சென்றபோது, அவர்கள் அளவுக்கோலை மறந்து, கற்களின்மேல் ஒருவகை ஈ கட்டியிருந்த மண்கூடுகளில் வைக்கோலைச் செருகித் தேனுறிஞ்சக் கண்டார். பிரம்பை எடுக்கவில்லை, தாமும் உறிஞ்சினார்! அந்த ஈயின் வரலாற்றை அறியும் வேட்கையால், ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்துப் பூச்சிகளைப் பற்றிய நூலொன்றை வாங்கினார். அம்மாதம் அடுப்பு எவ்வாறு எரிந்ததோ!

பின்னர்க் கார்சிகாத் தீவிலும் அவிஞோன் நகரிலும் ஆசிரியத் தொழில் புரிந்தார். அவிஞோனில் இளம்பெண்களும் வந்து கேட்க இலவசச் சொற்பொழிவுகள் ஆற்றி வருகையில், மலர்களில் மகரந்தம் சேருமாற்றை விளக்கினார். அது தகாத செய்தியென்று சமயப் பற்றுடையோர் சிலர் கூக்குரலிட்டனர். பதவி போயிற்று, குடியிருந்த வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டார். பெண்மக்களுக்குக் கல்வி எதற்கு என்று நம்மவரும் ஒரு காலத்தில் வாதிட்டனர் அன்றோ? ஆதலின் அவ்வூராரை மட்டும் நாம் பழித்தல் முறையன்று. அக்காலை 3,000 பிராங்க் கடனளித்து உதவியவர், அவரோடு வெயிலில் அலைந்து செடிகொடிகளை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். பாடநூல்கள் எழுதிப் பொருளீட்டி, ஃபாபர் அக்கடனைத் தீர்த்தார்.

1877-இல் பேரிடி வீழ்ந்தது. காடுமேடெங்கும் தந்தையுடன் திரிந்து பூச்சிகளைக் கண்டு சொன்ன மைந்தன் யூல், பதினாறாம் வயதில் இறந்தான். மூன்று குளவி இனங்களுக்கு அம்மைந்தன் பெயரையே தந்தையார் சூட்டினார்.

1879-இல், நெடுங்காலம் விரும்பிய ஒரு துண்டு நிலம் செரிஞான் என்னும் ஊரில் அவருக்கு வாய்த்தது. கல்லும் முள்ளும் நிறைந்து, உழவுக்கு உதவாத தரிசு! மற்றோர் வெறுத்த அந்நிலத்தைக் குளவிகளும் வண்டுகளும் விரும்பும் என்பதை அவர் அறிவார். அங்கிருந்து 1907 வரை பத்துத் தொகுதிகளாகத் தம் பூச்சி நூலை வெளியிட்டார். ஒருமுறை, ஒன்றன்பின் ஒன்றாய் வரிசை பிறழாது செல்லும் கம்பளிப் புழுக்கள் ஒரு பூந்தொட்டியின் விளிம்பில் ஏறி வட்டமாயின. முன்செல்வதும் இல்லை, பின்வருவதும் இல்லை. ஏழு நாள் அவை சுற்றிச் சுற்றி வந்ததை அவர் இருந்து கண்டார்.

டார்வின் அவரைப் பெரிதும் மதித்தவர். ஆயினும் டார்வினுடைய பரிணாமக் கொள்கையை ஃபாபர் இறுதிவரை ஏற்கவில்லை. இதில் பிழை ஃபாபருடையதே என்பது நம் கருத்து. கண்டதை அவர் பொய்யாக எழுதினார் அல்லர். கண்டதிலிருந்து கொண்ட முடிபே வழுவிற்று.

1915-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், தொண்ணூற்றோராம் வயதில், அந்நிலத்து இல்லத்திலேயே உயிர் நீத்தார். பின்னர் அரசாங்கம் அந்நிலத்தை விலைக்கு வாங்கி, முட்செடிகளோடு பாதுகாத்து வைத்தது.