அடி அண்ணாமலைப் பாட்டு ஆக்ஸ்போர்டில் அச்சானது! 80 வயதில் ஜி.யு.போப் அடைந்த ஆனந்தம்

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்களுக்கு அடி அண்ணாமலை தெரியாமல் இருக்காது. 14 கிலோ மீட்டர் பாதையில், மலைக்குப் பின்பக்கம் இருக்கிற ஊர். அங்கே ஆதி அருணாசலேசுவரர் கோவில் உண்டு. மாணிக்கவாசகருக்கும் தனியாக ஒரு சின்னக் கோவில் இருக்கிறது. அவர் இங்கே தங்கி இருந்தபோதுதான் திருவெம்பாவை 20 பாட்டையும் பாடினார் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

மார்கழிக் குளிரில், விடியுமுன் எழுந்த பெண்கள், இன்னும் தூங்குகிற தோழியின் வாசலில் நின்று கேலி பேசி எழுப்புகிற பாட்டு அது. அந்தப் பாட்டும், அதோடு சேர்ந்த திருவாசகம் முழுவதும், 1900-ம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில், ஆக்ஸ்போர்டு நகரில் அச்சாகி வெளிவந்தது. தமிழ் மூலமும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் ஒரே புத்தகத்தில்!

அதைச் செய்தவர் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். ஜி.யு.போப். அப்போது அவருக்கு வயது 80.

17 வயதில் முதல் பாடம்

போப் 1820-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந்தேதி, இப்போது கனடாவில் இருக்கும் பிரின்சு எட்வர்டு தீவில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. 1837-ல், 17 வயதில், தமிழில் முதல் பாடம் படித்தார். அதுவும் இங்கிலாந்தில் இருந்தபடியே! இரண்டு வருடம் கழித்துக் கப்பல் ஏறி சென்னைக்கு வந்து இறங்கினார்.

மதத்தைப் பரப்பத்தான் வந்தார். அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் வந்த இடத்தில் தமிழ் அவரைப் பிடித்துக் கொண்டது. நெல்லைச் சீமையில் சாயர்புரம், பிறகு தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர் என்று ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் நடத்தினார். ரொம்பக் கண்டிப்பான வாத்தியார். வெள்ளைக்காரர்கள் தமிழ் படிப்பதற்காக இலக்கணப் புத்தகங்கள் எழுதினார்.

பிறகு இங்கிலாந்து திரும்பினார். அந்த வயதில் மற்றவர்கள் சாய்வு நாற்காலியைத் தேடுவார்கள். போப்போ 1884-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார்! 1886-ல் திருக்குறள் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1893-ல் நாலடியார்.

மிச்சம் இருந்தது திருவாசகம்.

நிலா வெளிச்சத்தில்...

புத்தகம் போடலாமா என்ற எண்ணமே சரியாக உருவாகாத நேரம். போப்புக்கு எழுபதை ஒட்டிய வயது. ஒரு நாள் ராத்திரி சாப்பாடு முடிந்து, பேலியல் கல்லூரி முற்றத்தில் அவர் உலாவிக் கொண்டிருந்தார். கூட நடந்தவர் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட். கிரேக்க ஞானி பிளேட்டோவின் நூல்களை இங்கிலீஷில் தந்த பெரிய படிப்பாளி.

பேச்சு தமிழ்ப் பாட்டு, தமிழ்க் கதை, தத்துவம் என்று போயிற்று. நடுவிலே கொஞ்சம் மவுனம். திடீரென்று ஜோவெட், இதை நீர் அச்சுப் போட்டே ஆக வேண்டும் என்றார்.

போப் தயங்கினார். எனக்குச் சாகா வரம் ஒன்றும் இல்லையே, இது வருடக்கணக்காக இழுக்கும் வேலை ஆயிற்றே என்றார்.

ஜோவெட் நின்று திரும்பினார். அவருடைய நரைத்த தலையிலும் முகத்திலும் நிலா வெளிச்சம் விழுந்தது. போப்பின் தோளில் கையை வைத்தார். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழும் வழி. முடிக்கிற வரைக்கும் நீர் இருப்பீர் என்றார்.

போப் அப்போது அதை நம்பவில்லை. ஆனாலும் அலுத்துப் போகும்போதெல்லாம் அந்தச் சொல் ஞாபகத்துக்கு வந்து தெம்பு கொடுத்தது.

அலுப்பு வராமல் இருக்குமா? திருவாசகத்தில் 51 பதிகம். 600-க்கு மேல் பாட்டு. உருகி உருகிப் பாடியதை இங்கிலீஷில் சொல்வது லேசான காரியம் இல்லை. அம்மானை ஆடுவதையும், சுண்ணம் இடிப்பதையும், பூக் கொய்வதையும் பார்த்திராதவர்களுக்கு அதையெல்லாம் விளக்க வேண்டும். மொழிபெயர்த்ததோடு போப் நிற்கவில்லை. சைவ சித்தாந்தம் பற்றி விளக்கம், குறிப்புகள், கடைசியில் சொல் அகராதி எல்லாம் சேர்த்தார். தன் மதத்தை அவர் விட்டுவிடவில்லை. கடைசி வரை பாதிரியாராகவே இருந்தார். பிற மதத்துப் பக்திப் பாட்டுக்கு இத்தனை வருடம் கொடுத்தார் என்பதுதான் ஆச்சரியம்.

இதற்கிடையில், 1893-ல் ஜோவெட் இறந்து போனார்.

பிறந்த நாளில் முன்னுரை

ஏழு வருடம் கழிந்தது. ஆக்ஸ்போர்டு கிளாரண்டன் அச்சகத்தில் திருவாசகம் தயாரானது. போப் முன்னுரை எழுதி முடித்தார். அதன் கீழே போட்ட தேதி 1900, ஏப்ரல் 24. அவருடைய 80-வது பிறந்த நாள்!

கணக்குப் பார்த்தார். முதல் தமிழ்ப் பாடம் படித்து 63 வருடம் ஆகி இருந்தது. தன் வாழ்நாள் தமிழ் வேலை இத்தோடு முடிகிறது என்று நினைத்தார். நெஞ்சு நெகிழாமல் இதை முடிக்க முடியவில்லை என்று மனம் விட்டு எழுதினார். நிலா ராத்திரிச் சம்பவத்தையும் அந்த முன்னுரையிலேயே சொன்னார். நண்பர் சொன்னது பலித்துவிட்டது, பார்க்கத்தான் அவர் இல்லை!

போப்புக்கு இது முதல் புத்தகம் இல்லை. ஆனால் அச்சில் பார்க்க உயிரோடு இருப்போமா என்று சந்தேகப்பட்ட புத்தகம் இது ஒன்றுதான். கன்னிப் புத்தகத்தைக் கையில் வாங்கும் வாலிபனுக்கு இந்தப் பயம் இருக்காது.

கல்லறையில் என்ன இருக்கிறது?

புத்தகம் வந்த பிறகும் போப் எட்டு வருடம் வாழ்ந்தார். 1906-ல் ராயல் ஆசியக் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1908 பிப்ரவரியில், 88-வது வயது நிறைவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது காலமானார். 1968-ல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

தன் கல்லறையில் தமிழ் மாணவன் என்று எழுதச் சொன்னார் என்பார்கள். மேடைக்கு மேடை சொல்லப்பட்ட கதை. ஆக்ஸ்போர்டு செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவர் கல்லில் அப்படி ஒரு வரி கிடையாது. அவருடைய குடும்பத்தாரும், தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து, அவருடைய வாழ்நாள் உழைப்பைப் போற்றி வைத்த கல் அது என்றுதான் பொறித்திருக்கிறது.