ஓட மாட்டேன் என்ற ஓட்டக்காரர்



பாட்டா செருப்பு போடாதவங்க நம்மில் குறைவு. அது நம்ம நாட்டுக் கம்பெனி என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது 1894-ல் ஐரோப்பாவில், செக் மக்கள் வாழும் ஸ்லின் என்ற ஊரில் ஆரம்பிக்கப்பட்டது. அந்த ஊர்த் தொழிற்சாலையில் பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று இருந்த ஒரு பையனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் எமில் ஜாட்டோபெக்.

1922 செப்டம்பர் 19-ல் பிறந்தவர். அப்பா தச்சு வேலை செய்பவர். வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. பதினைந்து பதினாறு வயசில் பாட்டா கம்பெனிக்கு வந்துவிட்டார். கம்பெனி விடுதியில் தங்கல், செருப்பு செய்யும் வரிசையில் வேலை, சாயங்காலம் படிப்பு. பிறகு இரசாயனப் பிரிவுக்கு மாறினார். நம்ம ஒர்க்‌ஷாப்பும் தியரி வகுப்பும் போலத்தான், ஆனால் நம்மைவிட நேரம் அதிகம்.

1941-ல் கம்பெனி ஒரு ஓட்டப்பந்தயம் நடத்தியது. ஆட்களைப் பொறுக்கி ஓடச் சொன்னார்கள். ஜாட்டோபெக்குக்கு ஓட்டத்தில் துளியும் ஆசை கிடையாது. தனக்கு உடம்பு பலமில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டரோ ஆள் நன்றாக இருக்கிறான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்! வேறு வழியில்லாமல் ஓடினார். நூறு பேரில் இரண்டாவதாக வந்தார்.

அன்றைக்கு உள்ளே ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நாடு அப்போது ஜெர்மானியர் பிடியில், போர் நடக்கும் காலம். இருந்தும் மூன்றே வருஷத்தில், 1944-ல், 2000, 3000, 5000 மீட்டரில் நாட்டுச் சாதனைகளை முறியடித்தார்.

எப்படிப் பயிற்சி செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நெடுந்தூரம் ஓடுகிறவன் மெதுவாக நெடுந்தூரம் ஓடிப் பழக வேண்டும் என்பது பலருடைய எண்ணம். இவர் கேட்டுக்கொண்டது வேறு. மெதுவாக ஓட ஏற்கனவே தெரியுமே, வேகமாக ஓடத்தானே பழகணும்? அதனால் 400 மீட்டர் வேகமாக ஓடுவார், கொஞ்சம் மெதுவாக ஓடி மூச்சு வாங்குவார், மறுபடியும் 400. இப்படி இருபது தடவை ஆரம்பித்து, பிற்காலத்தில் ஒரே நாளில் நூறு தடவை வரை போனார். விட்டு விட்டு ஓடும் இந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. மற்றவர்கள் அளவோடு செய்ததை இவர் அளவில்லாமல் செய்தார், அவ்வளவுதான். போருக்குப் பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே பனியில், கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடினார். அழுக்குத் துணியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு, அதன்மேல் நின்ற இடத்திலேயே ஓடுவாராம். துணியும் வெளுக்கும், காலும் பலப்படும்!

பார்க்க அழகான ஓட்டம் இல்லை. தலை ஒரு பக்கம் சாயும், முகம் கோணும், நாக்கு வெளியே தள்ளும். பார்ப்பவர்கள் இதோ விழப் போகிறார் என்று நினைப்பார்கள். அவர் விழவில்லை.

எங்கள் வீட்டில் விளையாட்டு என்றால் அது வயிறு நிறைந்தவன் வேலை. டிப்ளமோ முடிச்சு ஒரு கம்பெனியில் ஷிப்ட் போகணும், அதுக்கு மேல என்ன என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், அவர்கள் பட்ட கஷ்டம் அப்படி. ஆனால் டோக்கன் நம்பருக்கு மேல நமக்கு ஒண்ணுமே இருக்கக் கூடாதா என்று தோன்றும்போதெல்லாம் எனக்கு ஸ்லின் தொழிற்சாலைதான் நினைவுக்கு வருகிறது.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் தங்கம், 5,000 மீட்டரில் வெள்ளி. அதே வருஷம் ஈட்டி எறியும் வீராங்கனை டானாவைக் கல்யாணம் செய்தார். இருவரும் ஒரே வருஷம், ஒரே மாதம், ஒரே தேதியில் பிறந்தவர்கள்!

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு முன் ஒரு சங்கதி. யுங்விர்த் என்ற சக ஓட்டக்காரரின் அப்பா அரசியல் கைதி. அதனால் மகனை அனுப்ப அரசு மறுத்தது. அவர் வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்று ஜாட்டோபெக் நின்றுவிட்டார். ராணுவ அதிகாரி அப்படிச் சொன்னால் சிறைக்கே போகலாம், அந்தக் காலம் அப்படி. விமானம் இருவரையும் விட்டுவிட்டுப் போனது. சில நாள் கழித்து அரசு இறங்கி வந்து இருவரையும் அனுப்பியது. பதக்கங்களைவிட இதுதான் பெரிசு என்று நான் நினைக்கிறேன்.

அங்கே 10,000 தங்கம். 5,000 தங்கம். அன்றே டானாவும் ஈட்டி எறிதலில் தங்கம். மாரத்தானை அதுவரை அவர் ஓடியதே இல்லை. வழியில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸிடம், இந்த வேகம் சரிதானா என்று அப்பாவியாகக் கேட்டார். பீட்டர்ஸ் அவரைக் குழப்ப நினைத்து, மெதுவாகத்தான் இருக்கிறது என்றார். இவர் நம்பி வேகத்தைக் கூட்டிவிட்டார்! பீட்டர்ஸ் பந்தயத்தை முடிக்காமல் விலக, ஜாட்டோபெக் 2 மணி 23 நிமிடத்தில் முடித்தார். ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வேறு எவரும் இன்றுவரை வென்றதில்லை.

1956 மெல்போர்னில், குடலிறக்க ஆபரேஷன் முடிந்த சில வாரத்தில் மாரத்தான் ஓடி ஆறாவதாக வந்தார். வென்றவர் பழைய எதிராளி, பிரான்ஸின் மிமூன். அவரைக் கட்டித் தழுவினார். 1960-களில் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் பிராகாவுக்கு வந்தார். உலக சாதனைகள் பல வைத்தும் ஒலிம்பிக் தங்கம் கிடைக்காதவர். கிளம்பும்போது ஜாட்டோபெக் கையில் ஒரு சிறு பொட்டலத்தைத் திணித்தார். பிறகு பிரித்துப் பார்த்தால் 1952-ன் 10,000 மீட்டர் தங்கப் பதக்கம்.

1968-ல் நாட்டில் சுதந்திரக் காற்று வீசியபோது அதற்கு ஆதரவாகக் கையெழுத்திட்டார். ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் வந்தபோது தெருவில் நின்று கண்டித்தார். கட்சியிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் நீக்கினார்கள். 1971-ல் தன் பழைய நிலையை மறுத்துப் பேசினார். அதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். அந்த நெருக்கடியில் நாம் என்ன செய்திருப்போம் என்று யோசித்துவிட்டுச் சொல்லணும். நிலத்தைத் துளையிடும் குழுவில் கூலி வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய், வண்டியில் தூங்கி, வருஷக்கணக்கில் அந்த வேலையைச் செய்தார். தொழிற்சாலையில் கற்ற உழைப்பும் மைதானத்தில் கற்ற பொறுமையும் அங்கே உதவியிருக்கும்.

1990-ல் புதிய அரசு அவர் மரியாதையைத் திருப்பிக் கொடுத்தது. 2000 நவம்பரில், 78 வயதில் பிராகாவில் காலமானார். டானா 2020 வரை இருந்தார்.