இல்லந்தோறும் இரவிவர்மர்

ஸ்ரீபெரும்பூதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையின் இருமருங்கும் இன்று மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. சென்ற விடுமுறையில், அங்குப் பணிபுரியும் என் பெரியப்பாவின் மகனைக் காணச் சென்றிருந்தேன். அண்ணனும் அவர்தம் தோழர் மூவரும் குடியிருக்கும் வாடகை அறையில் நாற்காலி ஒன்றேனும் இல்லை. ஆயினும் சுவரில் ஓர் படம் இருந்தது. அன்னத்தின்முன் நிற்கும் தமயந்தியின் உருவம் அது. காகிதப் படமன்று, அலுமினியத் தகட்டிற் பதித்தது. வெண்பூச்சுப் பூசிய தகட்டின்மேல் மையச்சிட்ட தாளை வைத்து, ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் அழுத்துவராம். மை ஆவியாகிப் பூச்சினுள்ளே புகுந்துவிடுமாம். பகலெல்லாம் தகடுகளோடு உழல்வோர் அறையில் தமயந்தியும் தகட்டிலேயே நிற்கக் கண்டு எனக்கு நகை தோன்றிற்று. வரைந்தவர் யாரெனக் கேட்டேன். நால்வரும் அறியார்.

அவர் திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் தோன்றிய இராஜா இரவிவர்மர். இளமையிலேயே கரித்துண்டினால் அரண்மனைச் சுவர்களில் உருவங்கள் தீட்டி வந்தார் என்பர். பிறராயின் கடிந்திருப்பர், தாய்மாமன் இராஜராஜவர்மரோ, தாமும் ஓவியம் வல்லவராதலின், மருமகனின் கைத்திறனை உணர்ந்து, 1862இல் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயிலியம் திருநாள் மன்னர் ஆதரவில் விடுத்தார்.

நெய்வண்ணம் தீட்டும் முறை அக்காலத்தில் இந்நாட்டிற் சிலரே அறிந்த மறைபொருள். அரண்மனையில் அதனை அறிந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசுவாமி நாயக்கர். அவர் கற்பிக்க மறுத்துவிட்டார். அவர்தம் மாணாக்கராகிய ஆறுமுகம் பிள்ளையே, ஆசிரியர் அறியாவண்ணம், இளைஞர்க்குச் சிறிது புகட்டினார். 1868இல் மன்னரின் உருவத்தை எழுத வந்த தியோடர் ஜென்சன் என்னும் மேனாட்டு ஓவியரும் தம் பணியை அருகிருந்து காண்பதற்கன்றிப் பிறிதொன்றற்கும் இசைந்திலர். ஆகவே, எஞ்சியதைத் தாமே வண்ணங் குழைத்தும் அழித்தும் கற்றார். தமிழராகிய ஒருவர் கதவடைக்க, தமிழராகிய மற்றொருவர் சாளரந் திறந்தமை நாம் நினைவிற் கொள்ளத் தக்கது.

1873இல் சென்னைக் கண்காட்சியிற் கூந்தலுக்குப் பூச்சூடும் நாயர் மங்கையின் படம் பொற்பதக்கம் பெற்றது. அதன்பின் வந்த புகழையும், அரசவைகளின் அழைப்புகளையும், 1893இல் சிக்காகோவில் வாய்த்த பரிசுகளையும் விரித்துரைத்தல் மிகை. பரோடா மன்னர்க்காக அவர் தீட்டிய புராணச் சித்திரங்கள் பதினான்கனைப் பம்பாயிற் காட்சிக்கு வைத்தபோது மக்கள் திரள்திரளாய் வந்து கண்டனர். கண்டவர் வெறுங்கையராய் மீண்டனர்; படங்களோ அரண்மனை புகுந்தன.

இக்குறையைத் தீர்க்கும் வழியை முன்னரே கூறியவர் திவான் சர் டி. மாதவராவ். ஓவியங்களை ஐரோப்பாவிற்கு அனுப்பி வண்ணப்படிகள் அச்சிடுவிக்குமாறு அவர் எழுதியிருந்தார். இரவிவர்மர் ஒருபடி மேற்சென்று, ஜெர்மானிய யந்திரங்களை வருவித்து, 1894இல் பம்பாயில் அச்சகமே நிறுவினார். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு. அச்சிடும் முறையோ மிக்க பொறுமை வேண்டுவது. வழவழப்பான சுண்ணக்கல்லில் கொழுப்பு மையினால் உருவத்தை இடவலம் மாற்றி வரைவர். கல்லை நனைத்தால் ஈரமுள்ள இடத்தில் அச்சுமை ஒட்டாது. கோட்டில் மட்டும் ஒட்டும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒவ்வொரு கல். ஒரே தாள் கல்தோறும் சென்று மீள வேண்டும். மயிரிழை பிசகினும் இலக்குமியின் இதழ்ச்சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும்.

இவ்வாறு வெளிவந்த இலக்குமியும் சரசுவதியும் இல்லந்தோறும் எழுந்தருளினர். திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டுப் பிரகடனம் வரையில் கோயில் வாயிலைக் கடக்கவொட்டாது தடுக்கப்பட்டோர் எத்தனையோ பேர். தாள் மீது வந்த தெய்வத்தை எவர் தடுக்க வல்லார்? தமக்கு மறைக்கப்பட்ட கலையை அவர் பிறர்க்கு மறைத்திலர்.

ஆனால் அச்சகம் அவரை வாழ்விக்கவில்லை. பம்பாயிற் கொள்ளைநோய் பரவ, 1899இல் அதனை லோணாவலாவை அடுத்த மளவலிக்கு மாற்றினர். கடன் பெருகிற்று. பின்னர்ச் சில ஆண்டுகளுக்குள் அங்குப் பணிபுரிந்த ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷருக்கே விற்றுவிட நேர்ந்தது. அதன்பின் அவர்தம் உருவங்கள் நாட்காட்டிகளிலும் தீப்பெட்டிகளிலும் விளம்பரத் தாள்களிலும் அவரைக் கேளாமலே உலவின. நாட்காட்டி ஓவியர் என்று இகழ்ந்த அறிஞரும் உளர். யானும் முதலாண்டு மாணவனாயிருந்தபோது அவ்வாறே பேசித் திரிந்தேன்.

உடன்பிறந்தாராயும் தொழிற்றுணையாயும் விளங்கிய சி. இராஜராஜவர்மர் 1905இல் மறைந்தார். அத்துயர் ஆறுமுன், மைசூர் அரண்மனைப் படங்களை ஒருவாறு முடித்து, 1906 அக்டோபர் 2இல் இரவிவர்மரும் காலமானார். மளவலி அச்சகம் 1972இல் தீக்கிரையாயிற்று. 1979இல் அரசினர் அவர்தம் மூல ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வமென அறிவித்து, வெளிநாட்டிற்குக் கொண்டு செல்லலாகாது என விதித்தனர். தமயந்தியின் மூலப்படம் திருவனந்தபுரத்தில் உள்ளது.

இவற்றையெல்லாம் ஒரகடத்து நண்பர்க்குச் சுருங்கக் கூறினேன். இரவுமுறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒருவர், அப்பெயரைப் படத்தின் பின்னே எழுதி வைக்குமாறு வேண்டினார். தகட்டிற் பென்சில் ஏறவில்லை. தாள் துண்டொன்றில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.