மாயூரம் முன்சீப்

எங்கள் திருவேட்டக்குடியிலிருந்து கடலோரமாக வடக்கே சிறிது தூரம் சென்றால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர் கோட்டையைக் காணவே யாவரும் அங்கு செல்வர். அவ்வூரில் முன்சீப்பாகப் பணியாற்றிய ஒருவரே தமிழின் முதல் நாவலை இயற்றியவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அன்னார் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்று, நீதிமன்றத்தில் பத்திரக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின்னர் முன்சீப் ஆனார். அக்காலத்தில் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. வழக்காடும் குடியானவனுக்கு அவை விளங்குவதெங்ஙனம்? எனவே 1805 முதல் 1861 வரை வெளியான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என நூலாக்கினார். கதவு யாருக்கு அடைபட்டிருக்கிறதோ, அவருக்காக எழுதுவதே அவர் வழக்கம்.

பெண்களுக்கும் அப்படியே. பெண்கள் ஏடு தொடுவதே தவறென்று பலர் எண்ணிய அந்நாளில், ‘பெண்மதி மாலை’, ‘பெண் கல்வி’ ஆகியவற்றை எழுதி, நாம் கற்கவேண்டும் என வாதாடினார். மனைவியரின் கடமை பற்றி அவர் கூறும் அறிவுரைகளுட் சில இன்று நமக்குப் புன்னகை வருவிக்கும். ஆயினும் அவர் படைத்த ஞானாம்பாளைப் பாருங்கள்!

1879-இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் தலைவி அவள். செல்லப்பிள்ளையான பிரதாபன் பாடம் படிக்காவிட்டால், அடி விழுவது உடன் படிக்கும் கனகசபைக்கு! ஞானாம்பாளோ ஆசையோடு கற்று அவனை மிஞ்சுகிறாள். வளர்ந்தபின், வேற்று நாட்டில் சிறைப்பட்ட கணவனைத் தேடி ஆண் வேடத்தில் செல்கிறாள். அங்கு பட்டத்து யானை அவளுக்கு மாலை சூட்ட, அரசாட்சியே அவள் கைக்கு வருகிறது. கணவனை மீட்டதோடு நில்லாமல் நாட்டையும் செம்மையாக ஆள்கிறாள். கதையை நம்புவது கடினமே. ஆனால் அரசாளும் அறிவு பெண்ணுக்கு உண்டென்று அன்றே ஒரு முன்சீப் நம்பினாரே, அதுவே எங்களுக்குப் பெருவியப்பு.

சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது ‘குளத்தூர்க் கோவை’ பாடினார் என்றால், இருவரது நட்பின் ஆழம் விளங்கும். இவரும் எம்மதத்தாரும் பாடத்தக்க ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’களை இயற்றினார்.

1876 முதல் 1878 வரை கொடும்பஞ்சம் நாட்டை வாட்டியது. முன்சீப் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்கு உணவளித்தார். அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் கதையைப் பாடிய தம் வாயால் இவரையும் பாடினார்.

1889 ஜூலை 21-இல் வேதநாயகம் பிள்ளை மறைந்தார். இன்று மயிலாடுதுறை எனப்படும் அவர் ஊரைத் தாண்டியும், கச்சேரி மேடைகளில் அவர் கீர்த்தனைகள் இன்னும் ஒலிக்கின்றன.