மதவாச்சிக்காரர் தந்த பஸ்: சி.ரி.பி.யை உருவாக்கிய மைத்திரிபால சேனாநாயக்க

யாழ்ப்பாணத்தில் வயதானவர்கள் இன்றைக்கும் அரச பஸ்ஸை சி.ரி.பி. என்றுதான் சொல்வார்கள். இலங்கை மத்திய போக்குவரத்துச் சபை, பிராந்தியப் போக்குவரத்துச் சபை, மக்கள்மயப்படுத்தப்பட்ட பஸ் கம்பனி, இலங்கைப் போக்குவரத்துச் சபை எனப் பெயர் பல தடவை மாறிவிட்டது. ஆனால் 1958 ஜனவரி 1ஆம் திகதி பிறந்த அந்தப் பழைய பெயர் வாயை விட்டுப் போகவில்லை. அதைப் பிறப்பித்த அமைச்சரை மட்டும் எங்களில் பலர் மறந்துவிட்டோம். மறக்காதவர்களும் அவரை இன்னொரு காரணத்துக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அது வாகன இலக்கத் தகட்டில் வந்த சிங்கள ஸ்ரீ.

பஸ்ஸை மக்களுக்குத் தந்தவரும், அந்த பஸ்ஸின் நெற்றியில் ஒரு மொழியை மட்டும் எழுதிய அமைச்சின் பொறுப்பில் இருந்தவரும் ஒருவரே. அவர் பெயர் மைத்திரிபால சேனாநாயக்க. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவோடு அவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர் ஒரு தலைமுறைக்கு முந்தியவர்.

வடக்கின் வாசலில் பிறந்தவர்

1916இல் பிறந்த சேனாநாயக்கவின் ஊர் வடமத்திய மாகாணம். அவரது தொகுதி மதவாச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் ரயிலும் ஏ9 வீதியும் அந்த ஊரைத் தொட்டே போகின்றன. தலைமன்னாருக்கான ரயில் பாதையும் அங்கேதான் பிரிகிறது. குளமும் வயலும் வரட்சியும் மலேரியாவும் என்று வாழ்ந்த பிரதேசம் அது. கொழும்பின் அதிகாரத்துக்குத் தூரமான ஊர் என்ற வகையில் மதவாச்சிக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

அநுராதபுரத்தில் படித்த அவர் யாழ்ப்பாணம் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியிலும் கொழும்பு நாலந்தா கல்லூரியிலும் கற்றார். பின்னாளில் ரஞ்சி ஹண்டி என்ற தமிழ்ப் பெண்ணைத் திருமணம் செய்தார். சிங்களம் மட்டும் என்ற அலையில் ஏறி ஆட்சிக்கு வந்த ஒரு கட்சியின் முன்னணித் தலைவருக்கு அது இலகுவான விடயமல்ல. எதிராளிகள் அதைத் தேர்தல் மேடைகளில் பயன்படுத்தினார்கள். ஆனாலும் மதவாச்சி மக்கள் அவரைக் கைவிடவில்லை. 1947இல் முதலாவது பாராளுமன்றத்துக்குத் தெரிவான அவர், பல தசாப்தங்கள் அரசியலில் நிலைத்து நின்றார்.

1956 ஏப்ரலில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணி அரசாங்கம் பதவியேற்றது. நாற்பது வயதை எட்டாத சேனாநாயக்க போக்குவரத்து, பொதுவேலைகள் அமைச்சரானார். அதே மாதம் 23ஆம் திகதி யாழ்தேவி தன் முதல் ஓட்டத்தைத் தொடங்கியது. அதற்கான திட்டமும் உழைப்பும் ரயில்வே பொது முகாமையாளர் பி. டி. ரம்பாலாவுக்கும் அவருடைய பொறியியலாளர்களுக்கும் உரியவை. பதவியேற்றுச் சில நாட்களேயான அமைச்சர் அதற்கு உரிமை கோர முடியாது. ஆனால் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ரயிலும் வீதியும் பஸ்ஸும் ஒருசேர அவர் கைக்கு வந்த காலம் அது.

பஸ் முதலாளிகளின் காலம்

1958க்கு முன்னர் இலங்கை முழுவதும் பஸ் ஓட்டியவை தனியார் கம்பனிகள். எழுபதுக்கும் மேற்பட்ட கம்பனிகள் இருந்தன. ஆரம்பத்தில் ஒரே வீதியில் பல பஸ்கள் பயணிகளுக்காக முட்டி மோதிக்கொண்டன. அந்தப் போட்டியை அடக்க, 1942இல் வந்த சட்டம் ஒரு பாதைக்கு ஒரு நிறுவனம் என்ற முறையைக் கொண்டுவந்தது. மோதல் குறைந்தது. ஆனால் பாதை முதலாளியின் சொத்துப்போல ஆனது. ஆட்கள் நிறைந்த பாதையில் பஸ் ஓடியது. ஆட்கள் குறைந்த கிராமத்துக்கு ஓட்டும்படி கேட்கப் பயணிக்கு வழி இருக்கவில்லை. பஸ் முதலாளிகள் கட்சிகளுக்குப் பணமும் வாகனமும் கொடுத்தார்கள். அவர்களில் பெரியவரான சேர் சிறில் டி சொய்சா செனற் சபையின் தலைவராகவே இருந்தார்.

பஸ் சேவையை அரசு எடுக்கவேண்டும் என்ற யோசனை 1956இல் திடீரென முளைத்ததல்ல. 1948இல் இரத்தினம் அறிக்கையும் 1954இல் சன்சோனி அறிக்கையும் இந்தத் துறையின் சீர்கேட்டை ஆராய்ந்திருந்தன. 1956இல் இன்னொரு ஆய்வும் நடந்தது. அமைச்சரவைக்குள் பிலிப் குணவர்தன போன்ற இடதுசாரிகள் இதற்காக அழுத்தம் கொடுத்தார்கள். ஆனால் சட்டமூலத்தைத் தயாரித்து, பாராளுமன்றத்தில் நிறைவேற்றி, முதலாளிகளின் எதிர்ப்பைத் தாண்டி நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு துறை அமைச்சருடையது. 1957ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் வந்தது. 1958 புத்தாண்டு அன்று பிரதமரும் சேனாநாயக்கவும் பஸ்ஸில் ஏறிப் பயணித்து இலங்கைப் போக்குவரத்துச் சபையைத் தொடக்கிவைத்தார்கள்.

இந்த மாற்றத்தின் அடிப்படைக் கணக்கு எளிமையானது. எல்லாப் பாதைகளின் வருமானமும் ஒரே பெட்டிக்குள் வரும். கொழும்பிலும் பெருந்தெருக்களிலும் கிடைக்கும் இலாபம், இலாபம் தராத கிராமத்துப் பாதையைத் தாங்கும். விடியற்காலையில் சந்தைக்குப் போகும் தோட்டக்காரருக்கும், கடைசி பஸ்ஸில் வீடு திரும்பும் தாதிக்கும், சலுகை விலையில் சீசன் ரிக்கற் வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அந்தப் பெட்டியிலிருந்தே பஸ் வரும். போதாவிட்டால் அரசு பணம் போடும். பஸ்ஸை வியாபாரமாக அல்ல, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போல ஒரு சேவையாகப் பார்த்த சிந்தனை இது.

குடாநாட்டில் இதன் பலனை அனுபவித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கோண்டாவில், பருத்தித்துறை, காரைநகர் டிப்போக்களிலிருந்து பஸ்கள் ஊர்களுக்குள் போயின. பெண்பிள்ளைகள் தூரத்துப் பாடசாலைக்குப் போய்ப் படிக்க பஸ் ஒரு பெரிய காரணம். சாரதி, கொன்டக்டர், மெக்கானிக் என்று நிரந்தரச் சம்பளமும் ஓய்வுக்காலச் சேமிப்பும் உள்ள வேலைகள் வந்தன. ஒரு காலத்தில் சபையிடம் நாடு முழுவதும் சுமார் 7000 பஸ்களும் 50,000க்கு மேற்பட்ட ஊழியர்களும் இருந்தார்கள்.

தகட்டில் வந்த எழுத்து

இதே அமைச்சரின் மறுபக்கத்தை மறைத்து அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது. மோட்டார் வாகனப் பதிவும் அவருடைய அமைச்சின் கீழேயே இருந்தது. ஆங்கில எழுத்துக்களுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்தை இலக்கத் தகட்டில் இடும் விதி 1957 ஆரம்பத்தில் நடைமுறைக்கு வந்தது. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறி ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. தமிழரசுக் கட்சி எதிர்ப்பில் இறங்கியது. 1957 ஜூலை 26இல் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானபின் கொஞ்சம் அமைதி திரும்பியது.

அந்த அமைதியைக் கலைத்தது பஸ்தான். பஸ் சேவை அரசுடைமையான பின்னர், 1958 மார்ச்சில் சபையின் புதிய பஸ்கள் சிங்கள ஸ்ரீ தகடுகளோடு வடக்குக்கு அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சித் தொண்டர்கள் அந்த எழுத்தை அழித்துத் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். கைதுகளும் வழக்குகளும் நடந்தன. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குமார் தன் வீட்டு வாசலில் திரண்டிருக்க, பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் பொலநறுவையில் ரயில் தாக்கப்பட்டது. வன்முறை நாடெங்கும் பரவியது. ரயிலிலும் பஸ்ஸிலும் வீடு திரும்ப முடியாத தமிழர்கள் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள்.

அந்த ஓர் எழுத்து இல்லாதிருந்தால் 1958 நடந்திருக்காது என்று சொல்வது வரலாற்றைச் சுருக்குவதாகும். காணியும் மொழியும் அதிகாரமும் சம்பந்தப்பட்ட கோபங்கள் ஏற்கனவே இருந்தன. முடிவுகள் முழு அமைச்சரவைக்கும் உரியவை. ஆனாலும் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்து படித்த ஒருவருக்கு, அந்தத் தகடு வடக்கில் எப்படி வாசிக்கப்படும் என்பது தெரியாமல் இருந்திருக்க முடியுமா என்ற கேள்வி எழுகிறது. எல்லோருக்கும் பொதுவான பஸ் என்று சொல்லி அனுப்பப்பட்ட வண்டியில், அது யாருடைய பஸ் என்பதும் எழுதப்பட்டிருந்தது. சமமான சேவை என்பது பாதையும் கட்டணமும் மட்டுமல்ல, பயணியின் மரியாதையும் சேர்ந்தது என்பதை வடக்கு அன்றே சொன்னது. பின்னர் அந்த எழுத்து கைவிடப்பட்டது. இன்று தகடுகளில் ஆங்கில எழுத்துக்களே இருக்கின்றன. ஆனால் அது கிழித்த காயம் தகட்டோடு போகவில்லை.

பிந்திய ஆண்டுகள்

சேனாநாயக்க அதன்பிறகு வர்த்தகம் உட்பட வேறு அமைச்சுகளை வகித்தார். சிறிமாவோ பண்டாரநாயக்க வெளிநாடு சென்ற வேளைகளில் பதில் பிரதமராகவும் இருந்தார். 1970இல் நீர்ப்பாசன, மின்சக்தி, நெடுஞ்சாலைகள் அமைச்சரானார். மகாவலித் திட்டத்தின் முதற்கட்ட வேலைகள் அவர் காலத்தில் நடந்தன. 1980இல் சிறிமாவோவின் குடியுரிமைகள் பறிக்கப்பட்டபின் கட்சி பிளவுபட்டபோது ஓர் அணிக்குத் தலைமை தாங்கினார். கடைசிக் காலத்தில் வடமத்திய மாகாண ஆளுநராக இருந்து 1998 ஜூலையில் காலமானார்.

அதற்குள் அவர் கட்டியதில் பெரும்பகுதி குலைந்துவிட்டது. 1978இல் சபை பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. ஆட்கள் நிறைந்த பாதையும் நேரமும் மினிபஸ்களிடம் போக, கிராமத்துப் பாதையும் சீசன் ரிக்கற்றும் அரச பஸ்ஸிடம் மிஞ்சின. ஒரே பெட்டி என்ற கணக்கு உடைந்தது. அதன்பிறகு அரச பஸ் நட்டத்தில் ஓடுகிறது என்று குறை சொல்வது இலகுவாயிற்று.

வடக்கில் போர் மிச்சத்தையும் எடுத்தது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. எரிபொருள் தடைக்குள் மண்ணெண்ணெயில் வாகனங்கள் ஓடின. நோயாளியைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொழும்புக்குப் போக இரவில் கிளாலிக் கடலைக் கடந்தோம். 2006 ஓகஸ்ட்டில் ஏ9 மீண்டும் மூடப்பட்டது. இறுதி யுத்த காலத்தில் வவுனியா, மன்னார்ப் பக்கத்திலிருந்து தெற்கே போனவர்கள் மதவாச்சியில் இறங்கி, பொதிகளைச் சுமந்து, வரிசையில் நின்று சோதனை முடித்து, மறுபக்கம் நின்ற வாகனத்தில் ஏறினார்கள். நாடு முழுவதற்கும் ஒரே பஸ் என்று சட்டம் கொண்டுவந்தவரின் சொந்த ஊரிலேயே பயணம் இரண்டாக வெட்டப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

பஸ் யாருக்காக?

போருக்குப் பின் பெரிய பாதைகள் திரும்பிவிட்டன. இந்தியக் கடனுதவியில் ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் அடைந்தது. ஏ9 செப்பனிடப்பட்டது. ஆனால் பிரதான வீதியிலிருந்து உள்ளே இருக்கும் மீள்குடியேறிய கிராமங்களுக்கு ஒரு நாளில் எத்தனை பஸ் வருகிறது என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும். கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்ணிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. அவருக்குக் கடைசி பஸ் போய்விட்டால் அந்த நாளின் கூலி முச்சக்கர வண்டிக்குப் போகிறது.

காலை இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் வடக்கில் குறைவல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இல் வந்தது. அணுகும் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. எங்கள் வீதிகளில் ஓடும் பஸ்களின் படியோ இன்னும் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஊன்றுகோலோடு வருபவரை இரண்டு பேர் தூக்கி ஏற்றவேண்டும். சக்கர நாற்காலிக்காரருக்கு அதுவும் இல்லை. தாழ்தள பஸ்ஸும் சாய்வுப் பாதையும் கொழும்புக்கு மட்டும் உரிய ஆடம்பரங்களல்ல. போர் நடந்த மண்ணில்தான் அவை முதலில் தேவை.

மைத்திரிபால சேனாநாயக்கவை எங்கள் நாயகனாக்க வேண்டியதில்லை. 1958 மார்ச்சை மறக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அவருடைய சட்டம் சொன்ன ஒன்றை நாங்கள் விட்டுவிடக் கூடாது. இலாபம் வராத ஊருக்கும் பஸ் ஓடவேண்டும், அதற்கான பணத்தை அரசு கொடுக்கவேண்டும். இனி வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது வடக்கின் பிரதிநிதிகள் கேட்கவேண்டியது இதைத்தான்: எத்தனை பஸ், எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, யாரால் அதில் ஏற முடியும்.