மலையின் பாதியில் நின்ற மதுவிலக்கு

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. மேற்குச் சரிவு சேலம் ஜில்லா. கிழக்குச் சரிவு அந்நாளில் தென்னாற்காடு ஜில்லா.

1937-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி அந்த மலைக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு மேற்கே கள், சாராயம் கூடாது. கிழக்கே தடை இல்லை!

கோட்டைப் போட்டவர் ராஜாஜி.

வக்கீல் துறவி ஆனார்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் அவர். சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். பணம் கொட்டியது. நகரசபைத் தலைவராகவும் இருந்தார். இளவயதிலேயே மனைவி இறந்துவிட்டார். ஐந்து குழந்தைகள். மறுமணத்தை அவர் நினைக்கவே இல்லை.

காந்தி அழைத்ததும் வக்கீல் தொழிலை விட்டார். 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் தொடங்கினார். வறண்ட பூமி. நூல் நூற்கக் கொடுத்து, கிராமத்தாருக்குக் கூலி கிடைக்க வழி செய்தார். அந்தக் கூலி வீடு போய்ச் சேர்வதற்குள் வழியில் கள்ளுக்கடை வாங்கிக்கொண்டது.

குடிகாரனை ஏசுவது ஊர் வழக்கம். ராஜாஜியின் நோக்கு வேறு. குடிக்கிறவன் தன் வசத்தில் இல்லாதவன். அவன் நடக்கும் தெருவில் கடை திறந்திருக்கும்வரை எந்தப் புத்திமதியும் பலிக்காது என்பது அவர் கட்சி. இதற்காகவே 1929-ல் "விமோசனம்" என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி உடனிருந்து உழைத்தார். கதையும் படமுமாக வந்த அந்தப் பத்திரிகை நெடுநாள் ஓடவில்லை.

மாலை நேரத்துக்கு மருந்து

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். முதலமைச்சரை அப்போது அப்படித்தான் அழைப்பார்கள். முதல் வேலையாகச் சொந்த ஜில்லாவான சேலத்தில் மதுவைத் தடுத்தார்.

கடையைப் பூட்டியதோடு அவர் நிற்கவில்லை. பல ஆண்டு குடித்த ஒருவனுக்குச் சாயங்காலம் வந்தால் கை பரபரக்கும். கால் தானாகக் கடைப்பக்கம் போகும். அந்த இரண்டு மணி நேரத்தை எதைக்கொண்டு நிரப்புவது? அதிகாரிகளுக்கு அந்த வேலையும் வந்தது. தேநீர்க் கடைகள் தோன்றின. பஜனை, விளையாட்டு, சிறுசேமிப்பு எல்லாவற்றுக்கும் ஏற்பாடு நடந்தது. மரமேறிகள் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சலாம் என்று அனுமதி கிடைத்தது. கலெக்டர் ஓர் ஆங்கிலேயர். அவரும் மனம் வைத்து உழைத்தார் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். வியாபாரிகள் கூச்சலிட்டார்கள். அவர் அசையவில்லை.

சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று தடை பரவியது. தென்னாற்காட்டுக்கு வருவதற்குள் ராஜாஜியின் மந்திரிசபை விலகிவிட்டது. யுத்த காலத்தில், 1943-ல், இருந்த தடையையும் அரசு நிறுத்தி வைத்தது. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948 அக்டோபர் 2-ல். செய்து முடித்தவர் தென்னாற்காட்டுக்காரரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். மலையின் இரு சரிவுக்கும் ஒரே சட்டம் ஆயிற்று.

ஆனால் காட்டுக்குள் ஊறல் பானை இருந்தது. சாலை இல்லாத மலை, விளைச்சல் இல்லாத வயிறு, கீழே காசோடு காத்திருக்கும் ஊர்கள். ராஜாஜியின் கணக்கில் இது போதிய அளவு இடம் பெறவில்லை என்றே தோன்றுகிறது.

கொட்டும் மழையில்

1971-ல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முற்பட்டது. ராஜாஜிக்கு வயது 92. மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார்.

அதே ஆண்டின் கடைசியில் ஹாங்காங்கில் ஓர் அதிசயம்! வென் என்ற மூளை அறுவை மருத்துவர், வலி தெரியாமலிருக்க நோயாளி ஒருவருக்கு அக்குபங்சர் ஊசி குத்தி மின்சாரம் பாய்ச்சினார். அவர் அபினிப் பழக்கம் உள்ளவர். அபினி இல்லாமல் படும் துடிப்பு அடங்கிவிட்டதாக அவரே சொன்னார். செய்தி பரவியது. நியூயார்க்கின் லிங்கன் ஆஸ்பத்திரியில் காது மடலில் ஐந்து இடங்களில் ஊசி குத்தும் முறை உருவாயிற்று. துடிப்பும் பதற்றமும் தணிந்ததாகச் சொன்னவர்கள் பலர். ஊசி மட்டுமே பழக்கத்தை விடுவிக்கும் என்பதற்கு உறுதியான சான்று பின்னால் நடந்த ஆராய்ச்சிகளில் கிடைக்கவில்லை. அபினி வகைப் பழக்கத்துக்கு மெதடோன் போன்ற மருந்துகளையே வைத்தியர்கள் முதலில் நம்புகிறார்கள்.

ஊசியோ மருந்தோ, சிகிச்சை முடிந்தவன் திரும்பிப் போவது பழைய தெருவுக்குத்தான். ராஜாஜி புதுப்பாளையத்தில் கண்ட தெரு அது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். போலீசார் கல்வராயன் மலையேறி ஊறலைக் கொட்டினார்கள். அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்க்கை நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கே சாலை உண்டா, ஆஸ்பத்திரி உண்டா, பிழைப்புக்கு வழி உண்டா என்று விசாரிக்கத் தொடங்கியது.